அம்மன் பட்டு ஏன் ஊதாவாகிப் போனது?

கேள்வி: பர்மாவின் மௌல்மீனில் எங்கள் அம்மன் கோயில் திருவிழா மலரைப் போன வருடம் நான்தான் தயாரித்தேன். நாற்பது பக்கம், ஐந்நூறு பிரதி. ரங்கூனில் கொடுத்து அச்சடித்தோம். கம்ப்யூட்டரில் கண்ணைப் பறித்த படங்கள், புத்தகமாகக் கைக்கு வந்தபோது வேறு யாரோ எடுத்த படங்கள் மாதிரி இருந்தன. அம்மனுக்குச் சாத்திய நீலப் பட்டு ஊதாவாகிவிட்டது. தீச்சட்டி எடுத்தவர்கள் முகமெல்லாம் ரோஸ் பூசியதுபோல இருக்கிறது. வாழ்த்த வந்த மூத்த பிக்கு சயாடோவின் துவராடை கிட்டத்தட்டக் கறுப்பு. பின்னட்டையில் ஷ்வேடகோன் பொன் தூபி, அரைத்த கடுகு. பிரஸ்ஸில் கேட்டால் "நீங்க குடுத்த ஃபைலைத்தான் அடிச்சோம்" என்கிறார்கள். சிஎம்ஒய்கே-க்கு மாற்றாததுதான் தப்பு என்கிறார் ஒருவர், மாற்றியதால்தான் கெட்டது என்கிறார் இன்னொருவர். இந்த வருடமும் மலர் என் தலையில்தான். சித்திரைப் பௌர்ணமிக்குள் வேண்டும். நான் என்ன செய்யட்டும், அண்ணே?

தங்கச்சி, கடிதத்தோடு மலரில் ஒரு பிரதியும், நீங்கள் பிரஸ்ஸுக்குக் கொடுத்த ஃபைலும் சேர்த்து அனுப்பினீர்களே, அது நல்ல காரியம். நிறத்தைப் பற்றி வாயால் பேசினால் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி முடிவில்லாமல் போகும். ஃபைலைத் திறந்து, புத்தகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் கணக்கில் தப்பு பாதி உங்களுடையது, கால்வாசி பிரஸ்ஸுடையது. மிச்சக் கால்வாசிக்கு யாரையும் திட்ட முடியாது, அது மையின் குணம். அதிலிருந்தே தொடங்குகிறேன். அது புரியாவிட்டால் மற்றதைச் சரிசெய்தாலும் உங்களுக்கு மனசு ஆறாது.

திரை, வெளிச்சத்தையே உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தை மை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. ஆப்செட் அச்சில் மை நான்குதான்: சயான் (பச்சை கலந்த வெளிர் நீலம்), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள், கறுப்பு. இதைத்தான் சிஎம்ஒய்கே என்கிறார்கள். நீலம் என்று தனி மை இல்லை. சயானும் மெஜந்தாவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் நீலம் பிறக்கிறது. அந்த இரண்டு மையும் சுத்தமானவை அல்ல. சயான் தான் விழுங்கக் கூடாததையும் கொஞ்சம் விழுங்கும், மெஜந்தாவும் அப்படியே. இரண்டையும் நூற்றுக்கு நூறு போட்டால் கத்தரிப்பூ ஊதாதான் வரும். உங்கள் ஃபைலில் அம்மன் படத்தை அளந்து பார்த்தபோது பட்டின் மேல் சயான் 98, மெஜந்தா 91 காட்டியது. ஊதாவாகாமல் என்ன செய்யும்? அச்சுக்கூடத்தில் பழகியவர்கள் கைப்பழக்கமாக ஒன்று செய்வார்கள்: நீலம் நீலமாகவே தெரிய வேண்டுமென்றால் மெஜந்தாவின் எண் சயானைவிடக் குறைந்தது முப்பது கீழே இருக்க வேண்டும். பட்டை மட்டும் தேர்ந்தெடுத்து மெஜந்தாவை 60 பக்கம் இறக்குங்கள். திரையில் கண்ட மின்னல் நீலம் அப்போதும் வராது. ஆனால் பார்ப்பவர்கள் "நீலப் பட்டு" என்று சொல்வார்கள், ஊதா என்று சொல்ல மாட்டார்கள்.

துவராடைக்கும் பொன்னுக்கும் கதை வேறு. நம் ஊர் பிக்குகளின் துவராடை சிவப்பும் பழுப்பும் கலந்த ஆழமான நிறம். நிழல் விழுந்த மடிப்புகளில் நான்கு மையும் சேர்ந்துகொண்டு சேறாகிவிடும். மாற்றுவதற்கு முன்பே நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளிச்சப்படுத்தி, சயானையும் கறுப்பையும் குறைத்தால் மடிப்பு மடிப்பாகத் தெரியும். அதே பக்கத்தில் இருக்கும் பிக்குணிகளின் இளஞ்சிவப்பு உடை எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று கவனித்தீர்களா? மெஜந்தா ஒன்றே பெரும்பாலும் அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது, கூட்டாளி தேவையில்லை. பொன் என்பது நிறமே இல்லை, மினுமினுப்பு. நான்கு மையில் அது மஞ்சளும் பழுப்பும்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

சரி, உங்கள் பாதிக்கு வருகிறேன்.

படங்கள் எப்படி வந்து சேர்ந்தன? தம்பியின் ஐஃபோன், மாமாவின் சாம்சங், கோயில் இளைஞர்களிடமிருந்து வைபர் செயலியில். வைபர் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது படத்தோடு ஒட்டியிருக்கும் ப்ரொஃபைலும் வழியில் உதிர்ந்துபோவது உண்டு. ப்ரொஃபைல் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. படத்துக்குள் இருப்பது வெறும் எண்கள். "சிவப்பு 220" என்று எழுதியிருந்தால் எந்தச் சிவப்பில் 220 என்று சொல்ல ஒரு சீட்டு வேண்டும். துணிக்கடையில் "மூன்று கொடு" என்றால் கஜமா மீட்டரா என்று கேட்க மாட்டார்களா? அந்த மாதிரி. 2016-இல் வந்த ஐஃபோன் 7 முதல் அந்த ஃபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான அளவுகோலில் படம் எடுக்கின்றன. சீட்டு உதிர்ந்துபோனால், அடுத்துத் திறக்கும் மென்பொருள் அதை எஸ்ஆர்ஜிபி என்ற குறுகலான அளவுகோல் என்று நினைத்துக்கொள்ளும். எண் மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது, அதனால் குங்குமம் சோகை பிடித்துத் தெரியும். உங்கள் ஃபைலில் இருந்த முப்பத்தாறு படங்களில் பத்தொன்பதுக்குச் சீட்டே இல்லை.

ஆகவே இந்த முறை கேபிளிலோ மெமரி ஸ்டிக்கிலோ வாங்குங்கள். வைபர்தான் வழி என்றால் படமாக அனுப்பாமல் ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள். ஏ5 பக்கத்தின் முழு அகலத்துக்கு வரும் படம் குறைந்தது 1750 பிக்ஸல் அகலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சின்னதாகப் போடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது மாற்றுவதா வேண்டாமா என்ற சண்டை. இரண்டு பேர் சொன்னதும் பாதி உண்மை. எப்படியும் ஒரு கட்டத்தில் சிஎம்ஒய்கே ஆகித்தான் தீர வேண்டும். மைக்கு ஒன்றாக அச்சுத் தகடே, அதாவது ப்ளேட்டே, நான்குதானே. யார் மாற்றுகிறார்கள், எந்தக் காகிதத்தை மனசில் வைத்து மாற்றுகிறார்கள், எத்தனை தடவை மாற்றுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் ஃபோட்டோஷாப்பில் "மோட்" மெனுவுக்குப் போய் சிஎம்ஒய்கே-யைத் தட்டியிருக்கிறீர்கள். அப்படித் தட்டினால், உள்ளே எந்த ப்ரொஃபைல் வைக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு மாறும். நிறுவியதற்குப் பிறகு யாரும் தொடாத ஃபோட்டோஷாப்பில் பெரும்பாலும் யு.எஸ். வெப் கோட்டட் ஸ்வாப் இருக்கும். அது அமெரிக்காவில் சுருள் காகிதத்தில் ஓடும் பத்திரிகை அச்சுக்காகச் செய்தது. உங்கள் மலர் ரங்கூனில் தனித்தனித் தாளாக அடிக்கும் ஷீட் மெஷினில் ஓடியது. உள்பக்கம் பளபளப்பில்லாத சாதாக் காகிதம் வேறு. சாதாக் காகிதம் மையை உறிஞ்சும், புள்ளி பரவும், படம் இருண்டு கனத்துவிடும். பளபளப்பான ஆர்ட் பேப்பருக்கு என்று மாற்றிய படத்தைச் சாதாக் காகிதத்தில் அடித்தால், சாம்பாருக்கு வைத்த உப்பை ரசத்தில் கொட்டிய கதைதான்.

அதற்குப் பிறகு பிரஸ்காரர் தன் பங்குக்கு இன்னொரு தடவை மாற்றியிருக்கிறார். ஃபைலின் எண்ணும் புத்தகத்தின் மையும் பொருந்தாததிலிருந்து அது தெரிகிறது. அவர் அதை உங்களிடம் சொல்லவில்லை, அதுதான் அவருடைய கால்வாசி.

நான் சொல்வது இது. முதலில் பிரஸ்ஸுக்குப் போய், காகிதத்தை முடிவு செய்து, அந்தக் காகிதத்துக்கு எந்த ப்ரொஃபைல் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் அங்கே இருந்தால் படங்களைத் திரையின் சிவப்பு-பச்சை-நீலக் கணக்கான ஆர்ஜிபி-யிலேயே, சீட்டோடு, பிடிஎஃப் எக்ஸ்-4 என்ற அச்சுக்கான பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடலாம். அவர் மாற்றிக்கொள்வார், உங்களைவிட நன்றாகவே செய்வார். "ப்ரொஃபைலா, அதெல்லாம் எதுக்கும்மா" என்று சிரித்தால், நீங்களே மாற்றிக் கொடுங்கள், ஒரே தடவை. "மோட்" மெனுவைத் தொடாதீர்கள். "எடிட்" மெனுவில் "கன்வர்ட் டு ப்ரொஃபைல்" இருக்கிறது. ஆர்ட் பேப்பர் என்றால் ஃபோக்ரா 39 வகையைத் தேர்ந்தெடுத்தால் பெரிய மோசம் போகாது, சாதாக் காகிதத்துக்கு அன்கோட்டட் என்று எழுதியிருப்பதை எடுங்கள். பக்கத்திலேயே "அசைன் ப்ரொஃபைல்" என்று இன்னொன்று இருக்கும். அது சீட்டை மட்டும் மாற்றி ஒட்டும், எண்ணை மாற்றாது. சீட்டே இல்லாத படத்துக்கு எஸ்ஆர்ஜிபி-யோ பி3-யோ ஒட்டிப் பார்த்து எது இயல்பாக இருக்கிறது என்று தீர்மானிக்க மட்டும் அது உதவும். மாற்றும் முன் ஆர்ஜிபி படங்களை ஒரு நகல் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பின்னால் காகிதம் மாறினால் அங்கிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

இன்னொன்று, இது நிறத்தைச் சேர்ந்ததே இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது உங்கள் தலைவர் உரையில் ஒவ்வொரு எழுத்துக்கும் இடது ஓரம் ஒரு சிவப்பு நிழல் தெரிந்தது. வேர்டில் தட்டிய எழுத்தின் கறுப்பு, ஆர்ஜிபி கறுப்பு. அது மாறும்போது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகிவிட்டது. கூட்டினால் முந்நூறு. ஒரு எழுத்து நான்கு ப்ளேட்டிலிருந்து விழுகிறது, ஒரு ப்ளேட் மயிரிழை விலகினாலும் ஓரம் சிவக்கும். ஆங்கில எழுத்தானால் தப்பித்துக்கொள்ளும். நம் ணகரத்துக்கும் ஞகரத்துக்கும் சுழி இருக்கிறதே, அது அடைத்துக்கொள்ளும். பர்மிய எழுத்துக்கோ கேட்கவே வேண்டாம், வட்டம் எல்லாம் பொட்டாகிவிடும். எழுத்துக்குத் தனிக் கறுப்பு நூறு, மற்ற மூன்றும் சைபர். பிடிஎஃப் திறந்து இதை ஒரு தடவை சோதித்துவிட்டுக் கொடுங்கள்.

முகத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

மலரைக் கையில் வாங்குகிறவர் முதலில் என்ன செய்கிறார்? தன் முகம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுகிறார். அடுத்தது பேரன் பேத்தி முகம். கோபுரத்தில் பச்சை கொஞ்சம் மங்கியதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் நிறத்துக்காக ஒதுக்கும் நேரத்தில் முக்கால்வாசியை முகங்களுக்குச் செலவழியுங்கள். நீங்கள் அனுப்பிய தீச்சட்டிப் படத்தில் ஒரு பெரியவர் கன்னத்தின் மேல் மெஜந்தா 62, மஞ்சள் 51 காட்டியது. மெஜந்தா மஞ்சளைத் தாண்டினால் நம் நிறத்து முகம் ரோஸாகும். மாநிறத்துக்கு மெஜந்தா 50 என்றால் மஞ்சள் 60 பக்கம் இருக்கட்டும், சயான் 20-க்குக் குறையாமல் இருக்கட்டும். சயான் ரொம்பக் குறைந்தால் காய்ச்சல் வந்த முகம். கூடினால் சாம்பல் பூத்த முகம்.

ஆனால் எண்ணைப் பார்த்துத் திருத்துவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பையில் வைத்துத் திரிவார்கள். அதை ஒரு படத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு "இது நடுநிலைச் சாம்பல்" என்று மென்பொருளுக்குக் காட்டுவார்கள். கோயில் படத்தில் நமக்கு அந்த அட்டை ஒவ்வொரு நெற்றியிலும் இருக்கிறது. திருநீறு! வைட் பேலன்ஸ் ட்ராப்பரை எடுத்துத் திருநீற்றுப் பட்டையின் மேல் தட்டிப் பாருங்கள். ஃபோன் செயலியான ஸ்னாப்சீடில்கூட அந்த ட்ராப்பர் இருக்கிறது. பாதிப் படங்களில் முகம் தன்னால் சரியாகிவிடும். வியர்வையில் கரைந்த பட்டையைத் தொடாதீர்கள், தோல் நிறம் கலந்திருக்கும். குங்குமம் ஒட்டியதையும் தொடாதீர்கள். வெள்ளை வேட்டி இருக்கிறதே என்று அதில் தட்டாதீர்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டியை நம்பினால் படம் முழுக்க மஞ்சள் ஏறிவிடும். கருவறைக்குள் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இந்த வேலையை அரைகுறையாகவே செய்யுங்கள். விளக்கொளி வெதுவெதுப்பாக இருந்தால்தான் கருவறை. உள்ளே விளக்கும் வெளியே ட்யூப்லைட்டும் சேர்ந்து விழுந்த படம் என்றால், முகம் எந்த வெளிச்சத்தில் இருக்கிறதோ அதற்குச் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

பெண்கள் படங்களுக்கு, மரப்பட்டையை அரைத்துப் பூசும் தனக்கா நல்ல சாட்சி. கன்னத்தில் பூசிய தனக்கா வெளிர் மஞ்சளாகத் தெரிய வேண்டும். துளி சயான் கூடினாலும் அது பச்சை காட்டும், முகத்தில் தெரியாத தப்பும் அங்கே தெரிந்துவிடும். உங்கள் மாமாவின் ஃபோனில் அழகுபடுத்தும் வசதி ஓடியிருக்கிறது. எல்லார் கன்னத்திலும் தனக்கா வெள்ளைச் சுண்ணாம்பாகக் கிடக்கிறது. அதை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். வெளிச்சம் முழுசாக வைத்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒரே பிரகாசத்துக்கு வரும்வரை குறையுங்கள். "படம் இருண்டு அச்சாகிறது" என்ற புகாரில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். ராத்திரி வேலை செய்யும்போது திரையை மஞ்சளாக்கும் வசதியை நிறுத்துங்கள். சாம்சங் ஃபோனில் திரை "விவிட்" என்று இருந்தால் "நேச்சுரல்" ஆக்குங்கள். ஃபோட்டோஷாப்பில் "வியூ" மெனுவில் "புரூஃப் செட்டப்" போய் அதே காகித ப்ரொஃபைலைக் கொடுத்து, கண்ட்ரோல்-ஒய் தட்டினால் அச்சில் எப்படி வரும் என்று ஏறக்குறையக் காட்டும். நீலம் செத்துப்போவதை அங்கேயே பார்த்துவிடலாம். ஐந்நூறு பிரதிக்கு முன்னால் அழுவது ஐந்நூறு பிரதிக்குப் பின்னால் அழுவதைவிடச் சிக்கனம்.

அப்புறம் புரூஃப், அதாவது அச்சுக்கு முன் பார்க்கும் மாதிரி. கலர் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டிவிட்டு அதைப் புரூஃப் என்பார்கள். எழுத்துப் பிழை பார்க்க அது போதும், நிறம் பார்க்க உதவாது. இங்க்ஜெட்டில், அவர்கள் மெஷினின் ப்ரொஃபைல் போட்டு எடுத்த புரூஃப் வேண்டும் என்று கேளுங்கள். நாற்பது பக்கமும் தேவையில்லை. அம்மன், தீச்சட்டி, சயாடோ, பின்னட்டை, இந்த நான்கு போதும். அதை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். நான் இதில் ஒரு தடவை நன்றாகவே அடிபட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மஞ்சள் நிறக் கல்யாணப் பத்திரிகை ஒன்று. சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. எமர்ஜென்சி லைட்டின் வெள்ளை வெளிச்சத்தில் புரூஃபைப் பார்த்து, "அருமை, ஓட்டுங்க" என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா ஒரு கார்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, இது மஞ்சளா, மாங்காயா?" என்று மட்டும் கேட்டார். மறுபடி அடித்த செலவு என்னுடையது. அதிலிருந்து காலை வெளிச்சத்தில், வாசலில், நேர் வெயில் விழாத நிழலில் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அந்த வாசலும் உதவாது. ரங்கூனில் அது இல்லாத வாசல் தேடுவது ஒரு தனி வேலை.

மெஷின் ஓடும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் அங்கே போய் "இந்த முகத்தில் சிவப்பைக் குறைங்க" என்று சொல்லும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சாவிகள் ஷீட்டின் குறுக்கே வரிசையாக இருக்கும். ஒரு சாவி, தன் நேர்கோட்டில் வரும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மை விடும். பெரியவர் முகத்துக்காக மெஜந்தாவைக் குறைத்தால், அதே கோட்டில் பின்னால் இருக்கும் குங்கும அர்ச்சனையும் வெளுக்கும். ஆகவே மெஷினில் திருத்தலாம் என்று எதையும் மிச்சம் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அட்டைக்கு மேட் லேமினேஷன் போடுவதாக இருந்தால் அது நிறத்தை இன்னும் கொஞ்சம் அடக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஷ்வேடகோனை மறக்கவில்லை. பொன்னுக்குப் பொன் மையே வேண்டும், பாண்டோன் 871 மாதிரி ஒன்றை ஐந்தாவது மையாக ஓட்ட வேண்டும். ஐந்நூறு பிரதிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பதில் படத்தை மாற்றுங்கள். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் தூபி முழுக்க ஒரே மஞ்சளாகத் தட்டையாக இருக்கிறது, அதனால்தான் கடுகு. ஒரு பக்கம் வெளிச்சம் பளிச்சென்று தெறித்து மறுபக்கம் பழுப்பு நிழலில் ஆழ்ந்திருக்கும் காலைப் படமோ மாலைப் படமோ போடுங்கள். வெள்ளைப் பளிச்சும் கரும்பழுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நடுவில் இருக்கும் மஞ்சளைக் கண் தானாகவே பொன் என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் வானம் நீலமாக இருந்தால் மேலே சொன்ன முப்பது கணக்கை மறக்காதீர்கள்.

நாள் கணக்கு போடும்போது தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திஞ்சானுக்கு மூடினால் பிரஸ்ஸில் ஆட்கள் திரும்பி வர நாளாகும், அதற்கு முன்பே அச்சு முடிந்துவிட வேண்டும். புரூஃப் பார்க்க ரங்கூன் வரும்போது, பஸ்ஸை விட்டு இறங்கிய களைப்போடு சாயங்காலமே பிரஸ்ஸுக்குப் போகாதீர்கள். தங்கிவிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் போங்கள். அம்மனுக்குச் சாத்திய அந்த நீலப் பட்டைக் கோயிலில் யாராவது ஏலம் எடுத்திருப்பார்கள் இல்லையா? அவர் வீட்டில் கேட்டு இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். புரூஃபுக்குப் பக்கத்தில் அதை விரித்துக் காட்டுங்கள், பிரஸ்காரருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்காது.